அம்மா போனில் இரைச்சல் இல்லை

என் அப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் பெயர் 'அப்படியா'. "அப்படியா வந்துட்டாரா?" "அப்படியாகிட்ட சொல்லு, நாலாவது மாடில லிஃப்ட் நின்னுடுச்சு." இப்படித்தான் அங்கே பேசிக்கொள்வார்கள். யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து "அப்படியா?" என்பார். நீங்கள் சொன்னது பொய் என்றும் சொல்ல மாட்டார், உண்மை என்றும் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்களை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா "மழை பெய்யுதுங்க" என்றாலும் அப்படியாதான். ஏழாம் வகுப்பில் நான் முதல் ரேங்க் வாங்கி, மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னபோதும் அப்படியாதான். "சத்தியமாப்பா!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பலகையில் எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்தாலும் நம்ப மாட்டார். கதவில் காதை வைப்பார். வடம் உருளையில் ஏறும் சத்தம், பிரேக் பிடிக்கும் சத்தம், கதவு மூடும்போது கடைசியில் வரும் ஒரு 'டக்', இவற்றைக் கேட்டுத்தான் நோய் சொல்வார். அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. பலிக்காததைக் கேட்டால், "இன்னும் ரிப்பேர் வரல, அவ்ளோதான்" என்று முடித்துவிடுவார்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பும் துண்டும் மலைபோல் வந்து குவியும். சுவரோரமாக ராட்சத மிஷின்கள் வரிசையாக ஓடும். அங்கே மெதுவாகப் பேசினால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் அம்மாவுக்கு வீட்டிலும் கத்தித்தான் பேச வரும். அம்மா ரகசியம் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

மத்தியானம் ஆனால் அப்பா அம்மாவுக்குப் போன் செய்வார். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் தவறாது. கூட வேலை செய்யும் பெண்கள் "வந்துடுச்சு பாரு, புது மாப்பிள்ளை போன்" என்று அம்மாவை ஓட்டுவார்களாம். அதை எங்களிடம் வந்து சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார்: "என்ன, ரெண்டாவது மிஷின் இன்னிக்கு ஓடலையா?" அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்காது. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சிரிப்பார். தன்னைப் பற்றி இவ்வளவு கவனமாக இருக்கும் மனுஷன் ஊரில் யாருக்குக் கிடைப்பான் என்பது அம்மாவின் எண்ணம். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அம்மாவின் பழைய போன் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. அது கடையில் இருந்ததிலேயே மலிவானது. அம்மா தனக்கென்று எதை வாங்கினாலும் இருப்பதில் மலிவானதைத்தான் வாங்குவார். செருப்பு, குடை, கண்ணாடி பிரேம், எல்லாம். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து முதல் போனஸ் வந்த சமயம் அது. இந்தத் தடவை இருப்பதிலேயே உசத்தியானதைத்தான் வாங்குவது என்று வீம்பாகப் போய் ஒரு போன் வாங்கினேன். கடைக்காரர் அதன் பெருமைகளை அரை மணி நேரம் ஒப்பித்தார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. விலையைப் பார்த்ததில் காது அடைத்திருந்தது.

லீவில் வீட்டுக்கு வந்து பெட்டியை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டு வாங்கினார். அப்பா வாங்கிப் பார்த்தது பெட்டியை. நான்கு மூலையையும் தடவினார். ஒட்டியிருந்த தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"ஏற்கனவே பிரிச்சு ஒட்டின மாதிரி இருக்கே."

"புதுசுப்பா. என் கண் முன்னாடி எடுத்துக் குடுத்தாங்க."

"அப்படியா?"

பிறகு தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் அதன் பக்கத்தில் வைத்தார். அவருடையது அடிமாட்டு விலைக்கு வாங்கியது. முதுகில் கிரீஸ் கறை. திரையில் ஓரத்தில் ஒரு விரிசல். லிஃப்ட் குழியில் எத்தனையோ தடவை விழுந்து எழுந்தது. அதன் ஸ்பீக்கர் அப்படி ஒரு ஸ்பீக்கர், காதில் வைத்துப் பேசினாலே வீடு முழுக்கக் கேட்கும்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இரண்டிலும் படம் எடுத்தார். "ரெண்டுலயும் அதே தேதிதான் காட்டுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மாவை எடுங்கப்பா, வித்தியாசம் தெரியும்" என்றேன். எடுத்தார். புதுப் போனில் அம்மா பத்து வயது குறைந்து பளிச்சென்று இருந்தார். அப்பா படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"கன்னத்துல இருந்த தழும்பு எங்க?"

நீராவிக் குழாய் பட்டு அம்மாவின் கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. படத்தில் அது இல்லை. அப்பாவின் போனில் எடுத்த மங்கல் படத்தில் அது பத்திரமாக இருந்தது.

"இருக்கட்டும் விடுங்க, நல்லாத்தானே இருக்கு" என்றார் அம்மா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தியா பாப்பா, எடுத்துட்டான்" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "மலிவா குடுக்குறவன் எதையோ குறைச்சிருக்கான். அது நமக்கே தெரியும். படம் மங்கும், சார்ஜ் நிக்காது. சரின்னு தெரிஞ்சுதான் வாங்குறோம். விலையா குடுக்குறவன் எதை எடுத்தான்னு சொல்லவே மாட்டான்."

"எடுக்கலப்பா, சேத்துருக்காங்க. சேத்ததுக்குத்தான் விலை."

"அப்படியா?"

இந்த மனுஷன் இருக்கிற வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தவளைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறினேன்.

கொஞ்ச நாள் கழித்து அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவராக எனக்குக் கூப்பிடுவது அபூர்வம். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், யாரோ ஸ்பேனரைக் கீழே போடும் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் குரல்.

"பாப்பா, உங்கம்மா வேலைக்குப் போறாளா?"

"என்னப்பா கேள்வி இது? தினமும் நீங்கதானே பஸ் ஸ்டாப்ல விடுறீங்க?"

"விடுறேன். அங்கதான் போறாளான்னு கேக்குறேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சொல்லச் சொல்ல சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானம் போன் செய்தால் அம்மா பேசும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லையாம். மிஷின் சத்தம் இல்லை, ஆள் சத்தம் இல்லை. கதவைச் சாத்திய அறைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். எங்கே இருக்கே என்றால் லாண்டிரியில்தான் என்கிறாராம். சில நாள் போனை எடுப்பதே இல்லை. முன்னெல்லாம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் கைவிரல் ஊறி, வெளுத்து, சுருங்கிப் போயிருக்கும். இப்போது காய்ந்த கையோடு வருகிறாராம்.

"அம்மாவையே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிடுவாளா?"

அவர் 'அப்படியா' சொல்லவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சும்மா சந்தேகப்படும்போது வாய்விட்டுச் சொல்லுகிற மனுஷன், நிஜமாகச் சந்தேகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அது எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா மேல் வந்த கோபத்தோடு மறுநாள் மத்தியானம் நானே அம்மாவுக்குக் கூப்பிட்டேன். அம்மா கத்தினார். வழக்கமான கத்தல்தான். ஆனால் அந்தக் கத்தலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நிசப்தம். காலியான அறையில் நின்று ஒருத்தி எதற்குக் கத்த வேண்டும்?

"எங்கம்மா இருக்க?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் என் குரல் அப்பாவின் குரலாக ஒலித்தது.

"வேலைலதான்டீ. வேற எங்க இருப்பேன்? சீக்கிரம் சொல்லு, போனை உள்ள வைக்கணும்."

எதற்கு உள்ளே வைக்க வேண்டும்? ஏன் அவசரம்? முப்பது வருஷம் ஒழுங்காகக் குடும்பம் நடத்திய அம்மாவைப் பற்றி ஒரு போன் கால் என்னை என்னவெல்லாமோ யோசிக்க வைத்தது. வேலை போய்விட்டதோ, அதை மறைக்கிறாரோ? உடம்புக்கு ஏதாவதா, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாரோ? அதற்கு மேல் அப்பா எதை நினைக்கிறார் என்பதை நான் நினைக்க விரும்பவில்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அப்பா என்னை நேராக ஹோட்டலின் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். லாரிகள் வந்து போகும் கேட் அது. பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்த காவலாளி, "என்ன சார், இன்னிக்குத் துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்துருக்கீங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை நாள் இங்கே வந்து நின்றிருக்கிறார் இந்த மனுஷன்!

"சலவைக் கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஷட்டரைத் தூக்கி விட்டுருக்கான்" என்று அப்பா கிசுகிசுத்தார். உள்ளே வெக்கை அதிகமோ என்னவோ, ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே மிஷின்கள் உருளும் ஓசை ஜெனரேட்டரையும் மீறி எங்கள் நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

அப்பா போனை எடுத்து அழுத்தினார். அம்மா வந்தார். நிஜமாகவே அங்கேதான் இருந்தார். ஒரு அலமாரியைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போனைப் பிரித்து, முழங்கை வரை போட்டிருந்த ரப்பர் கையுறையில் ஒன்றைக் கழற்றி, போனைக் காதில் வைத்தார். சுற்றுகிற மிஷின் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"சொல்லுங்க! சாப்டேன்! நீங்க?"

அப்பாவின் போனிலிருந்து எனக்கும் கேட்டது. அம்மாவின் குரல் மட்டும். மிஷின் இல்லை. ஜெனரேட்டர் இல்லை. கழுவித் துடைத்து எடுத்த குரல்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். கண்ணும் காதும் இரண்டு கதை சொன்னால் அவர் காதைத்தான் நம்புவார். அதனால் ஒரு நிமிஷம் எதிரில் நிற்பது என் அம்மாதானா என்றே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"என்னங்க, பேச மாட்டேங்கறீங்க? எங்க இருக்கீங்க?"

"சைட்லதான்" என்றார் அப்பா.

"சைட்லயா? தடதடன்னு எங்க ஜெனரேட்டர் மாதிரி கேக்குதே?"

அப்பா சட்டென்று போனைக் கையால் பொத்தினார். அந்த மலிவுப் போன் எதையும் மறைக்கத் தெரியாதது. ஜெனரேட்டரை, லாரி ஹாரனை, காவலாளியின் இருமலை, எல்லாவற்றையும் அள்ளி அம்மாவின் காதில் கொட்டியிருக்கிறது. அம்மா மெதுவாகத் திரும்பினார். ஷட்டரின் அடியில் குனிந்து பார்த்தார். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

கடைக்காரர் ஒப்பித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் நின்று பேசினாலும் எதிராளிக்கு உங்கள் குரல் மட்டும் கேட்கும் மேடம் என்று அவர் சொன்னார்தான்.

"அந்தப் போன் பக்கத்துச் சத்தத்தையெல்லாம் எடுத்துடும்பா" என்றேன். "அதுக்குத்தான் அந்த விலை."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் மலர்ந்தது! "எடுத்துட்டானா? நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் நடக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து பையை மாட்டினார், முகம் கழுவினார், மூன்று பேருக்கும் டீ போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியே பழகிய ஒரு குரல் மௌனமாக இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். கடைசியில் அப்பாதான் ஆரம்பித்தார்.

"கை காஞ்சு இருந்துச்சு. அதான்..."

"ஈரக் கையில தொட்டா அந்தப் போன் வேலை செய்யாது. கெட்டுப் போயிடுமோன்னு பயம் வேற. புள்ள வாங்கிக் குடுத்ததாச்சேன்னு கெஞ்சிக் கூத்தாடி ஒரு கையுறை வாங்கி மாட்டிக்கிட்டேன். நனையக் கூடாதுன்னு அலமாரில பூட்டி வெச்சேன். அதான் சில நேரம் மணி அடிச்சது கேக்கல." அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "பழைய போனை இடுப்புல சொருகிக்கிட்டுக் கிடந்தேன். அது எனக்கு வேலை செஞ்சுது. இதுக்கு நான் வேலை செய்றேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அப்பா தன் டம்ளரை எடுத்தார். அம்மா விடவில்லை.

"மத்தியானம் ஆனா போன் பண்ணி சாப்டியான்னு கேக்குறாரே, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க என்னைக் கேக்கவே இல்ல. பின்னாடி ஓடுற மிஷினைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அது சாட்சி சொன்ன வரைக்கும் நான் உத்தமி. அது வாயை மூடினதும் கேட்ல வந்து நிக்கிறீங்க. பொண்ணையும் கூட்டிட்டு."

அம்மா அழுதுவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. எழுந்து போய் இரண்டு போன்களையும் எடுத்து வந்தார். "சிம்மை மாத்திக் குடுடீ" என்று என்னிடம் நீட்டினார். நான் மாற்றிக் கொடுத்தேன். கிரீஸ் படிந்த அப்பாவின் போனை அம்மா எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். பளபளப்பான போனை அப்பாவின் முன்னால் தள்ளினார். "உங்களுக்குத்தான் இது சரி" என்றார். என் போனஸ் முழுவதும் மேஜையில் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

மறுநாள் அம்மாவுக்கு வார விடுமுறை. சமையலறையில் நானும் அம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மத்தியானம் ஆனதும் இடுப்பில் போன் அலறியது. இன்றைக்குக் கூப்பிட மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா ஈரக் கையோடு அதை எடுத்துக் காதில் வைத்தார். ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியமே இல்லை; எனக்கு எல்லாம் கேட்டது.

"சாப்டியா?"

"சாப்டேன். எங்க இருக்கீங்க?"

"மொட்டை மாடில, மெஷின் ரூம்ல. மோட்டார் பாத்துட்டிருக்கேன்."

அவர் குரலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. மோட்டார் இல்லை, ஸ்பேனர் இல்லை, காற்றுகூட இல்லை. அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"அப்படியா?"

என் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது.

"மோட்டார் ஓடிட்டுத்தான் இருக்கு. கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"இரு, கிட்ட கொண்டு போறேன். இப்ப?"

"ம்ஹும்."

"இந்தா, ஸ்பேனரால தட்டுறேன். இப்ப கேக்குதா? இப்ப?"

எங்களுக்கு அவருடைய மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்டது. "சத்தியமா இங்கதான் இருக்கேன்" என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ரேங்க் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்ற நாளில் அது என்னுடையது. உண்மையைச் சொல்லிவிட்டு, அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு வரும் குரல் அது. என்னவோ, எனக்குச் சந்தோஷமாக இல்லை. பாவமாக இருந்தது.

அம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, மெதுவாகப் பேசினார்.

"தெரியும்ங்க. நம்புறேன். சத்தம் கேக்காட்டியும் நான் நம்புவேன்."

அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. இணைப்பு துண்டாகவில்லை, திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவர் அழுதாரோ என்னவோ எங்களுக்குத் தெரியாது. அழுதிருந்தால் அந்தப் போன் அதையும் இரைச்சல் என்று நினைத்து எடுத்திருக்கும். அம்மா போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.